மொரீஷியஸ்ல தமிழ் ஆட்சிமொழியா? இல்லங்க

"ரூபா நோட்டுலயே தமிழ் இருக்கு, மொரீஷியஸ்ல தமிழ்தான் ஆட்சிமொழி, தெருவெல்லாம் தமிழ் பேசுவாங்க"ன்னு ஒரு வீடியோ வாட்ஸ்அப்ல திரும்பவும் சுத்துது, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ்ல இருக்குற எனக்கே மூணு பேரு அனுப்பிட்டாங்க. மொரீஷியஸ் ரூபா நோட்டுல தமிழ் இருக்குறது நிஜம்தான், இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி, 1998ல வரிசைய மாத்தி தமிழுக்கு முன்னால இந்தி மொழிய அடிச்சப்ப இங்க தமிழ் ஆளுங்க விடாம சண்டை போட்டு அந்த நோட்டையே வாபஸ் வாங்க வச்சாங்க (இத எந்த சேனலும் சொல்றதில்ல, சொன்னா இன்னும் நல்லா ஓடியிருக்கும்). ஆனா ஆட்சிமொழி? அரசியல் சட்டம் 49வது பிரிவுல சட்டசபைக்கு இங்கிலீஷ்னு இருக்கு, பிரெஞ்சுலயும் பேசலாம், அவ்ளோதான். வீட்ல நாங்க பேசுறது கிரியோல்ங்க, பிரெஞ்சுலேருந்து உருவான உள்ளூர் மொழி. தைப்பூசத்துக்கு அரசு லீவு உண்டு, ஆனா காவடி தூக்குற பையன்கிட்ட தமிழ்ல பேச்சு குடுத்தா நிறைய பேரு முழிப்பாங்க.