குப்பைப் பங்கு வாங்கலாமா?

போன ஞாயிறு டொரொன்டோவிலிருந்து சித்தியின் மகன் கோல் எடுத்தான். “அண்ணா, குப்பையிலிருந்து எதனோல், அதான் பெற்றோலோட கலக்கிற மதுசாரம், எடுக்கிற கொம்பனி ஒன்றின் பங்கு மலிவாகக் கிடக்குது. மூலப்பொருள் சும்மா கிடைக்குது, விக்கிறது எரிபொருள். நட்டம் எப்பிடி வரும்?”

சொல்லப்போனால் எனக்கும் வாய் ஊறியது. 2022இல் கொழும்பில் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தவன் நான். 2017 புத்தாண்டு அன்று மீத்தொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்ததையும் பார்த்த ஊர் இது. அந்த மலை எரிபொருளாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பத்தான் மனம் வரும். ஆனால் நம்ப ஆசைப்படுவது வேறு, காசு போடுவது வேறு.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை லொறி வந்தது. தூக்கும்போது ஒரு சொப்பிங் பை கிழிந்தது. பிழிந்த தேங்காய்ப்பூ, புளித்த சோறு, தேயிலைச் சக்கை, பம்பர்ஸ் ஒன்று, உடைந்த பல்ப். தண்ணீர் ஒழுகி வீதி வரைக்கும் ஓடியது. தம்பி சொன்ன ‘சும்மா கிடைக்கிற மூலப்பொருள்’ இதுதான். இதைப் பிரித்து, காயவைத்து, அரைத்து எடுக்கவே பாதிக் காசு போய்விடும்.

அதற்குப் பிறகுதான் வித்தையே தொடங்குகிறது. காற்றைக் குறைத்துச் சூடாக்கி வாயுவாக்க வேண்டும், அந்த வாயுவை நுண்ணுயிரோ வினையூக்கியோ எதனோலாக்க வேண்டும். புளோரிடாவின் வெரோ பீச்சில் இனியோஸ் பயோ என்ற கொம்பனி இப்படித்தான் 2013இல் உற்பத்தியைத் தொடங்கியது. வாயுவில் கலந்துவந்த ஹைட்ரஜன் சயனைட்டு நுண்ணுயிர்களைக் கொன்றது. 2016இல் ஆலையை விற்கப் போட்டார்கள். தம்பியின் கனடாவிலேயே, எட்மன்டனில், மாநகரமே 25 வருடத்துக்குக் குப்பை தர ஒப்புக்கொண்டு 2014இல் திறந்த எனர்கெம் ஆலை 2024இல் மூடப்பட்டது. குப்பைக்கு அங்கே பஞ்சமா என்ன?

தொழில்நுட்பம் வேலை செய்தாலும் பங்குக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். லான்சாடெக் என்ற கொம்பனி சீனாவில் உருக்காலைப் புகையிலிருந்து 2018 முதல் எதனோல் எடுக்கிறது, உண்மையிலேயே எடுக்கிறது. 2023இல் 10 டொலர் கணக்கில் சந்தைக்கு வந்த அதன் பங்கு 2025இல் ஒரு டொலருக்கும் கீழே போனது.

எங்கள் நாட்டிலும் கழிவிலிருந்து எதனோல் வருகிறது, யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பெலவத்தையிலும் செவனகலவிலும் சீனி எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். போவது காருக்கல்ல, சாராயத்துக்கு! ஆனால் கவனியுங்கள்: அந்தக் கழிவு ஒரே வளவில், ஒரே குணத்தோடு, தானாக வந்து சேருகிறது. வீட்டுக்கு வீடு மாறும் எங்கள் ஒழுங்கைப் பை அப்படியா?

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: போன வருடம் அந்தக் கொம்பனி எத்தனை லீற்றர் விற்றது? “தேடிப் பார்க்கிறன் அண்ணா” என்றான். நேற்று இரவு முதலீட்டாளர் அறிக்கையை அனுப்பியிருந்தான். பச்சை இலைப் படங்கள், ‘திட்டமிட்ட கொள்ளளவு’ என்று பெரிய எழுத்தில் ஒரு எண். விற்ற லீற்றரைக் கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை. “காசை வங்கி வைப்பிலேயே விடு” என்று பதில் போட்டேன். பார்த்துவிட்டான், இன்னும் ஒன்றும் எழுதவில்லை.