‘தி மெசேஜ்’ ஃபிளாஷ் பாடியதல்ல

"கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தானே எழுதி, ராப் செய்த பாட்டுதான் தி மெசேஜ்" என்று அந்த அமெரிக்க ஹிப்-ஹாப் பாட்டைப் பற்றி ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். இது சரியில்லை. இசைத்தட்டின் அட்டையில் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்' என்று குழுவின் பெயர் இருப்பதால் வரும் குழப்பம்.

ஃபிளாஷ் ராப்பரே (தாளத்துக்கு வரிகளைப் பேசிப் பாடுபவர்) இல்லை, இசைத்தட்டுகளைச் சுழற்றி இசை கோர்க்கும் டிஜே. 1982இல் ஷுகர் ஹில் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர், அங்கே இசைக்கலைஞராக இருந்த டியூக் பூட்டி என்கிற எட் ஃபிளெட்சர். ராப் செய்தது அவரும் குழுவின் ராப்பர் மெல்லி மெல்லும்தான். கடைசியில் சிறைக்குப் போகும் பையனைப் பற்றி வருகிற வரிகள் மெல்லி மெல்லுடையவை. 1979இல் குழு வெளியிட்ட 'சூப்பர்ராப்பின்' பாட்டிலேயே அவை உண்டு. குழுவின் மற்றவர்கள் முடிவில் வரும் அந்தப் போலீஸ் கைது காட்சியில் பேசுவதோடு சரி.

இன்னொன்று, குழுவுக்கு இந்தப் பாட்டில் ஆரம்பத்தில் விருப்பமே இல்லை. பார்ட்டியில் ஆடுகிற கூட்டத்துக்கு வறுமையைப் பற்றிய பாட்டு எடுபடாது என்று நினைத்தார்கள். விடாப்பிடியாக நின்றவர் ஷுகர் ஹில்லை நடத்திய சில்வியா ராபின்சன்.

இதனால் ஃபிளாஷ் சும்மா பெயருக்கு இருந்தவர் என்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் கைவேலை தெரிய வேண்டுமானால் 1981இல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' தட்டைக் கேளுங்கள். ஏழு நிமிடமும் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்களிலேயே கட்டியது. அதைவிட்டுவிட்டு மெசேஜுக்காக அவரைப் புகழ்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அப்புறம், அந்தப் பதிவில் 'ஒயிட் லைன்ஸ்' பாட்டையும் ஃபிளாஷ் கணக்கில் சேர்த்திருக்கிறார். அதுவும் மெல்லி மெல்லுடையது.