அமைதியான தெரு மட்டும் போதுமா?
குடும்பங்கள் புறநகரை விரும்புவதற்குப் பெரிய வீடும் வாகன நெரிசல் இல்லாத முட்டுத்தெருவுமே காரணம் என்று புறநகர் வாழ்க்கை பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவது, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் அனுபவம். மகளுக்கு நான்கு வயதானபோது நாங்கள் அப்படியொரு தெருவுக்குக் குடிவந்தோம். மாலையில் அவள் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு விளையாடினால், எதிர்வீட்டுப் பெரியவர் காரை ஓரமாக நிறுத்தி, ஆட்டம் முடியும்வரை காத்திருப்பார். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பன்னிரண்டு வயதில் அவள் தனியாக நூலகத்துக்குப் போக விரும்பியபோது, அது ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலேயே இருந்தும், நடைபாதையே இல்லாத அகலமான சாலை ஒன்று குறுக்கிட்டதால், எங்களில் ஒருவர் வேலையிலிருந்து திரும்பும்வரை புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். இது புறநகர் என்பதாலேயே வரும் குறை அன்று, திட்டமிடலின் குறை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929-இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பில் வீடுகள் பொதுப் பூங்காவை நோக்கி அமைந்தன, கார்கள் மறுபுறத்து முட்டுத்தெருக்களோடு நின்றன, நடந்து போகிறவர்கள் சாலைக்கு அடியிலேயே கடந்து செல்லச் சுரங்கப்பாதையும் இருந்தது. பின்னர் வந்த புறநகர்கள் பலவும் முட்டுத்தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு நடைவழியைக் கைவிட்டுவிட்டன. பள்ளியின் தரத்தைப் பார்த்து வீடு வாங்கினால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய வாசகர், வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்குச் செல்லும் வழியைப் பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை தாமே நடந்து பார்க்க வேண்டுகிறேன்.