பெரிய கோயிலுக்கு யுனெஸ்கோ கோடிகளைக் கொட்டுகிறதா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யுனெஸ்கோ ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் தருகிறது, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று சுற்றுகிறது. அது தவறு.

1987-இல் கிடைத்தது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம். ஆண்டு மானியம் அல்ல. யுனெஸ்கோவிடம் பாரம்பரிய நிதி என்று ஒன்று உண்டு, சரி. ஆனால் 1,200க்கும் மேற்பட்ட சின்னங்களுக்கு அது ஒன்றுதான். அதிலும் நாடு விண்ணப்பித்து, குழு ஏற்றால்தான் கிடைக்கும். ஏழை நாடுகளுக்கே முன்னுரிமை.

அப்புறம் யார் செலவு செய்கிறார்கள்? மத்திய அரசுப் பணத்தில் தொல்லியல் துறை. கருவறையைச் சுற்றிய உள் சுவரில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தார் சுதை பூசி வரைந்திருந்தார்கள். அந்த மேல்படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றியது அந்தத் துறையின் வேதியியலாளர்கள்தான். அந்தப் பணி நடந்ததே பலருக்குத் தெரியாது.