எதற்கெடுத்தாலும் கார்பரேட்டரா?

என் பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறுகிறது, ஏறியது இறங்க மாட்டேன் என்கிறது. இதைப் பார்க்க வருகிற ஒவ்வொரு மெக்கானிக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைத்தான் கைகாட்டுகிறார்: "கார்பரேட்டர் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்." ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, "கிராங்க் சீலைப் பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தால் இவ்வளவு வயிறெரிந்து எழுத வேண்டியிருக்காது.

எஸ்டியில் இது ரோட்கிங் மாடல், என் பெரியப்பா ஓட்டியது. அவர் போன பிறகு தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. இதைத் தயாரித்த ஐடியல் ஜாவா கம்பெனியை மைசூரில் 1996-லேயே மூடிவிட்டார்கள். 2022-இல் எஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தது, ஆனால் அது நாலு ஸ்ட்ரோக், வேறு வண்டி, வேறு எஞ்சின். அதனால் இதில் இருக்கும் ஒவ்வொரு அசல் பாகமும் இருக்கிற வரைக்கும்தான். அதைக் கழற்றித் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

என் வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் கிராங்க் கேஸ், அதாவது பிஸ்டன் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு இருக்கும் அடி அறை, வெறும் உலோகப் பெட்டி கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கேதான் வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே சிலிண்டருக்குப் போகின்றன. அந்த அறைக்குள் வெளிக்காற்று புகாமல் தடுப்பவை கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்கள். வண்டி வருஷக்கணக்கில் ஓடாமல் நின்றால் அந்த ரப்பரின் விளிம்பு காய்ந்து விறைத்துவிடும். பிறகு காற்று அந்த வழியாக உள்ளே வரும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் ரேஸ் ஏறாமல் என்ன செய்யும்? இதற்கு நீங்கள் கார்பரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் ஓட்டை அடைபடப் போவதில்லை.

டைனமோ பக்கத்துச் சீல் போனால் இப்படி. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சினே உறிஞ்சிக் குடிக்கும். இரண்டு சைலன்சரிலும் வெள்ளைப் புகை கக்கும், கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். இதையும் சொன்னேன். அதற்கு ஒருவர் கொடுத்த மருந்து: "பெட்ரோல்ல ஆயில் ஜாஸ்தி கலக்கறீங்க, குறைச்சிடுங்க."

குறைச்சிடுங்களாம்! பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் கிடைக்கிற ஒரே எண்ணெய் பெட்ரோலோடு கலந்து வருவதுதான். ஏற்கெனவே காற்று புகுந்து பெட்ரோல் குறைகிறது, அதோடு எண்ணெயும் குறைகிறது. இதில் பெட்ரோலில் கலக்கும் ஆயிலையும் குறைத்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுகிறவன் கதி என்ன? லாரிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால்? யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சோதிப்பது பெரிய வித்தையும் இல்லை. கார்பரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்துவிட்டு, சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்றடித்து, அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. ஆனால் சீல் மாற்றுவதற்கு ஒரு பக்கம் டைனமோவைக் கழற்ற வேண்டும், மறுபக்கம் கிளட்ச், பிரைமரி செயின் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். சீலுக்கோ சொற்ப விலை. கார்பரேட்டர் என்றால் நாலு நட்டில் வேலை முடியும், ஆயிரக்கணக்கில் பில் போடலாம். அதனால்தான் சீல் யார் வாயிலும் வருவதில்லை.

கார்பரேட்டரில் கோளாறே இருக்காது என்று நான் சொல்லவில்லை. நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போய், கலந்த ஆயில் பிசினாக, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபையும் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும். எல்லாம் உண்மை. அதற்குக் கழுவுங்கள், ஜெட்டை ஊதுங்கள், ஃப்ளோட் ஊசியைப் பாருங்கள். குப்பையில் போடாதீர்கள். வேறு ஏதோ வண்டியின் கார்பரேட்டரை, இந்த எஞ்சினுக்குப் பொருந்தாத ஜெட்டோடு, கேஸ்கெட்டில் பசை தடவி ஒட்டவைத்துவிட்டு "செட் ஆயிடும் சார்" என்று சொல்லாதீர்கள். அது செட் ஆகவே ஆகாது.

கண்டன்சர் கதையும் இதேதான். சூடானதும் வண்டி நின்றுபோகிறது, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட்டில் நெருப்பு பறக்கிறது என்றால், பார்க்க வேண்டியது அந்த நெருப்பை அடக்கும் கண்டன்சரை. இவர்களோ இக்னிஷன் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்திருக்கிறவரையே நான் பார்க்கவில்லை. எல்லாம் கண் மதிப்பு!

ஊரில் விஷயம் தெரிந்த பெரியவர்கள் இல்லாமல் இல்லை. ஜாவாவிலும் எஸ்டியிலும் கை கறுத்தவர்கள், சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்துச் சீல் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் இரண்டு மாதம் காத்திருக்கத் தயார். இந்த அவசரக் கைகளில் இனி வண்டியைக் கொடுப்பதாக இல்லை.

கடைசியாகப் பார்த்தவருக்கு ஒரு வார்த்தை. புதுசு மாட்டினீர்கள், காசும் கொடுத்தேன். கழற்றிய அசல் கார்பரேட்டர் எங்கே என்று கேட்டால் "அது ஸ்கிராப்புங்க, போட்டாச்சு" என்கிறீர்கள். அது என் பெரியப்பா வண்டியின் பொருள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? எந்தக் காயலான் கடையில் போட்டீர்களோ, போய்த் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.