ஊர் கேட்டால் ஊரோடு நில்லுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை முதல் நாளே எழுப்பி நிற்கவைத்து "உங்களைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நம் ஆபீஸ்களில் நடப்பது பெண் பார்க்கும் படலம் மாதிரிதான் இருக்கிறது. ஒருத்தர் நிற்கிறார், மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கேள்வியெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது.

அந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? "எந்த ஊர்?" கடலூர். "கடலூர்ல எங்க, ஓ.டி.யா, மஞ்சக்குப்பமா, திருப்பாப்புலியூரா?" இதுவரைக்கும் பரவாயில்லை, நானும் கடலூர்க்காரன்தான், தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்கு வருகிறவன், ஊர்க்காரர் கிடைத்தால் எனக்கும் அப்படிக் கேட்கத்தான் தோன்றும். அதற்கு அப்புறம் வருகிறது பாருங்கள்: "எந்தத் தெரு?", "அப்பா என்ன பண்றார்?", அதிலும் பிடி கொடுக்கவில்லை என்றால் "குலதெய்வம் எங்க?". ஒருத்தர் "தேவனாம்பட்டினம்" என்றார், கடலூர்க் கடற்கரையில் மீனவர்கள் இருக்கும் இடம். எதிரில் இருந்தவர் "ஓ..." என்று இழுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பலித்தது, இன்றைக்கு நம் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் இனிஷியலும் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன. பெயரில் கிடைக்காததைத் தெருவில் தேடுகிறோம், அவ்வளவுதான்.

"எல்லாம் பாசத்துல கேக்கறதுப்பா, நீ ஏன் தப்பா எடுத்துக்கற" என்று சீனியர் ஒருத்தர் சொன்னார். பாசம் என்றால் எல்லோரிடமும் அதே மூன்றாவது கேள்வி வரவேண்டுமே அண்ணே, டெல்லியிலிருந்து வந்த ஆடிட்டரிடம் ஏன் வரவில்லை?

பின்னணியைச் சொல்லவே கூடாது என்பதில்லை. அது தானாக வரவேண்டும். எங்களோடு பண்ருட்டி பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கிறான், சேர்ந்த அன்று பெயர், படிப்பு என்று ரெண்டு வரியோடு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஒரு மழை நாளில் டீக்கடையில் 'தானே' புயலைப் பற்றிய பேச்சு வந்தது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது, எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தேதி சொல்லத் தேவையில்லை. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தாத்தா வைத்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததையும், விழுந்த மரத்தை விறகு விலைக்குக் கேட்டு லாரி வந்ததையும், அப்பா வீட்டை விட்டு வெளியே வராமலே இருந்ததையும் சொன்னான். கூட இருந்த எங்களில் யாரும் அவன் தெருவைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு தொல்லை. சென்னை ஆபீஸில் போய் "பாண்டி" என்று வாயைத் திறந்தால் போதும், "அப்போ வரும்போது ரெண்டு பாட்டில்" என்று ஒருத்தர் தவறாமல் சொல்வார். தான்தான் முதலில் கண்டுபிடித்தது போலச் சிரிப்பார். புதுச்சேரிக்காரர் வாழ்நாளில் குடித்திருக்கவே மாட்டார், ஆனாலும் சேர்ந்து சிரிக்கவேண்டும்.

இன்னொரு பக்கம், பிடித்த விஷயம் என்னவென்று கேட்டால் நாமும் "கிரிக்கெட், மியூசிக், டிராவல்" என்று பயோடேட்டாவில் இருப்பதை ஒப்பிக்கிறோம். அதைக் கேட்டுவிட்டு யார் என்ன பேச முடியும்? போன வருஷம் அக்கவுண்ட்ஸில் சேர்ந்த ஒரு பெண், "லீவு நாள்ல காலையில ஊசுட்டேரியில இருப்பேன், நாமக்கோழி பாக்க" என்றது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, அலகு வெள்ளை, அந்த வெள்ளை நெற்றி வரைக்கும் ஏறியிருக்கும், குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் என்று கையால் நெற்றியில் கோடு போட்டுக் காட்டியது. 2008-இல் அந்த ஏரியின் புதுச்சேரிப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, பாதி ஏரி விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பது எல்லாம் அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. குடவுன் பொறுப்பாளர் ஒருத்தர், யாரோடும் அதிகம் பேசாதவர், அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து போட்டோ காட்டினார். அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதனால் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்: புது ஆள் வந்தால் முதலில் நாம் ஒவ்வொருத்தரும் பேசுவோம், பெயர், இங்கே என்ன வேலை, எந்தச் சந்தேகத்துக்கு என்னிடம் வரலாம், அப்புறம் பிடித்த ஏதாவது ஒன்று. கடைசியில் புது ஆள், அதுவும் அவருக்கு விருப்பம் இருந்தால், எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு. "பார்க்கலாம்" என்றார். அவர் அகராதியில் அது பாதி சம்மதம். திங்கட்கிழமை ரெண்டு பேர் சேர்கிறார்கள், நான்தான் முதலில் பேசப்போகிறேன். தெருவை யாராவது ஆரம்பித்தால் பேச்சைக் கடலூர் ரோட்டில் எல்லையில் இருக்கும் முள்ளோடை டிராஃபிக்குக்கு மாற்றிவிடுவேன், அதில் அரை மணி நேரம் தாராளமாக ஓடும்.