ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி விக்காதீங்கய்யா!

கோஸ்ட் ஆஃப் சுஷிமாங்கிற வீடியோ கேம் எனக்கு உசுரு, அதை முதல்லயே சொல்லிடுறேன், கோவம் கேம் மேல இல்ல, அதை விக்கிற விதத்து மேலதான். 1274ல மங்கோலியப் படை ஜப்பானோட சுஷிமா தீவுல வந்து எறங்குது, சாமுராய்ங்க கூட்டமே கடற்கரையில செத்து விழுது, அதுல பொழைச்சு எந்திரிக்கிற ஜின் சக்காய்தான் நாம. எங்க போகணும்னு அம்புக்குறி கெடையாது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் குதிரைய விட்டா போதும். இவ்ளோ அழகா ஒரு கேமை செஞ்சுட்டு, அதை வாங்குறவன இப்படிக் கொழப்பி அடிக்கணுமா?

2020 ஜூலையில பிஎஸ்4க்கு, அதாவது பிளேஸ்டேஷன் 4ங்கிற கேம் மெஷினுக்கு வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல டைரக்டர்ஸ் கட்னு, புதுக் கதையும் சேத்த பெரிய பதிப்பு. அதுலயும் பிஎஸ்4க்கு ஒரு டிஸ்க்கு, அதுக்கு அடுத்த மெஷினான பிஎஸ்5க்கு ஒரு டிஸ்க்கு, ரெண்டு அட்டையிலயும் அதே பேரு!

நான் இருக்கிறது ஏற்காடு. இங்க நல்ல மழை புடிச்சா மரம் லைன் மேல சாயும், கரண்ட் போகும், கரண்டோட நெட்டும் போகும், அதனாலதான் டவுன்லோடே வேணாம் டிஸ்க்குதான்னு இருக்கேன். சேலம் போன மச்சான்கிட்ட பிஎஸ்5 டைரக்டர்ஸ் கட் வாங்கிட்டு வாடான்னு தெளிவா சொல்லி விட்டேன். கடையில எடுத்துக் குடுத்தது பிஎஸ்4 டிஸ்க்கு. அவனும் சும்மா வாங்கல, "அண்ணா இது அஞ்சுல ஓடுமா"ன்னு கேட்டிருக்கான், "ஓடும் தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்"னு பில்லைப் போட்டுட்டாங்க. ஓடும்தான்யா, ஓடாதுன்னு யாரு சொன்னா, ஆனா ஒண்ணு இல்ல!

ஜப்பான் குரல்ல வச்சு வெளையாடிப் பாருங்க தெரியும். ஜப்பான் குரல்ல ஜின்னுக்குப் பேசுறது கசுயா நகாய், ஒன் பீஸ் கார்ட்டூன்ல சோரோவுக்குப் பேசுறவரு, என்னா கம்பீரம் அந்தக் குரல்ல. ஆனா பிஎஸ்4 வெர்ஷன்ல வாய் இங்கிலீஷுக்கு அசையும், சத்தம் ஜப்பான்ல வரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில போடுற டப்பிங் படம் மாதிரி. ஜின்னும் அவன் மாமாவும் நேருக்கு நேர் நின்னு பேசுற காட்சியெல்லாம், மனசு கலங்க வேண்டிய எடத்துல கண்ணு வாயையே பாத்துக்கிட்டு நிக்குது. இதுக்குக் காரணம் இருக்கு, ஒத்துக்கிறேன், பிஎஸ்4ல அந்தக் காட்சிகளெல்லாம் முன்னாடியே எடுத்து வச்ச வீடியோ, பிஎஸ்5ல அப்பப்பவே மெஷின் வரையுது, அதனால ஜப்பான் வசனத்துக்கு வாயை மாத்த முடிஞ்சுது. சரி, நியாயம். அப்போ ரெண்டும் ஒண்ணு இல்லதானே, அதை விக்கிறவங்க வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா?

புதுசா சேத்த இக்கி தீவுக் கதை ரெண்டு டைரக்டர்ஸ் கட்லயும் இருக்கு, அதுல கொறையே சொல்ல மாட்டேன். ஜின்னோட அப்பா செத்த மண்ணு அது, கழுகுன்னு ஒருத்தி விஷத்தைக் குடுத்து அவன் மனசுக்குள்ளயே பூந்து பேசுறா, அப்பா சாகும்போது பயந்து ஒளிஞ்சு நின்னதை விடாம குத்திக் காட்டுறா, என்னைக் கேட்டா மெயின் கதையை விட இதுதான் ஒசத்தி. சண்டையும் மாறுது, ஒரு பூசாரி பின்னாடி நின்னு பாடிக்கிட்டே இருப்பான், பாட்டு நிக்கிற வரைக்கும் மத்தவனுங்க வெறி புடிச்ச மாதிரி வருவானுங்க, முதல்ல அவனைத்தான் சாய்க்கணும்.

காசு கணக்குக்கு வாங்க. கேம் வந்தப்பவே 60 டாலர் குடுத்து வாங்குனவன் பிஎஸ்5 டைரக்டர்ஸ் கட்டுக்கு மாறணும்னா இன்னும் 30 டாலர். ஆக 90. ஒரு வருஷம் பொறுத்து நேரா பிஎஸ்5 டிஸ்க்கு வாங்குனவனுக்கு 70. முதல்ல நம்பி வந்தவனுக்கு 20 டாலர் தண்டமா? பல பேரு சேந்து ஆடுற லெஜெண்ட்ஸ் பகுதியை கேம் வாங்குன எல்லாருக்கும் இலவசமாக் குடுத்த அதே ஆளுங்க, அந்தப் பெருந்தன்மை இங்க எங்கய்யா போச்சு?

என் கையில இருக்கிற பிஎஸ்4 டைரக்டர்ஸ் கட்ல இருந்து மாற 10 டாலர். காசு கூடப் பரவால்ல, கட்டிட்டேன், ஆனா அப்புறம் பிஎஸ்5 கேமை முழுசா நெட்லதான் எறக்கணும், எறக்குன பின்னாடியும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய டிஸ்க்கை உள்ள போட்டாத்தான் ஓடும்! எந்த டவுன்லோடுக்குப் பயந்து டிஸ்க்கு வாங்குனேனோ அதுலயே கொண்டு வந்து விட்டுட்டாங்க. மாத்திக் குடுங்கன்னு 20 கொண்டை ஊசி வளைவு எறங்கிப் போய்க் கேட்டா, "கவர் பிரிச்சுட்டீங்க, எடுக்க மாட்டோம்". பிரிக்காம எப்படிங்க போட்டுப் பாக்குறது?

கடை வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்றேன், வர்றவன்கிட்ட "எந்த மெஷின் வச்சிருக்கீங்க, ஜப்பான் குரல்ல வெளையாடுவீங்களா"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க, பில்லுல பிஎஸ்4ஆ பிஎஸ்5ஆன்னு எழுதிக் குடுங்க. வாங்கப் போறவங்க பேரைப் பாக்காதீங்க, அட்டை மேல பிஎஸ்5னு வெள்ளைப் பட்டை இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா காசை எடுக்காதீங்க.